இடது பக்கத்து இருட்டு

லைட்டாகத்தான் இருக்க வேண்டும், வேறு எதுவாகவும் இருந்துவிடக் கூடாது என்று கலாமணி காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவரைக்காய்க்கு நார் உரிக்கும்போதும் அதே நினைப்பு, எலக்ட்ரீஷியன் சிராஜுதீன் ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தபோதும் அதே நினைப்பு. அவன் மெயினை இறக்கியதும் ஃபேன் சோம்பலாகச் சுற்றி நின்றது, ஃப்ரிஜ் ஒரு உலுக்கு உலுக்கி அடங்கியது, வீடே வாயடைத்துப்போன மாதிரி ஆயிற்று. பக்கத்து மனைக்காரர் சுவரோடு சுவர் ஒட்டி மாடி எழுப்பிவிட்டதால், கோயமுத்தூரில் எவ்வளவு வெயில் அடித்தாலும் இந்தக் கூடத்துக்குப் பட்டப்பகலில் லைட்டு வேண்டும். அந்த அரையிருட்டில் அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, ஏணியில் ஏறுகிறவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தாரா, இல்லை சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி வைத்திருந்தாரா? கலாமணியின் விரல் அவரைக்காயின் நுனியிலேயே நின்றுவிட்டது. சே, காலங்காத்தாலே இதென்ன கெட்ட யோசனை. "பாத்துத் தம்பி, ஏணி ஆடுது" என்று இப்போதுதானே அவர் சொன்னார், ஆடுவது தெரியாமலா சொன்னார்? ஏணி கிறீச்சென்றதே, அதைக் கேட்டுச் சொல்லியிருக்கலாமே. கலாமணிக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. கட்டின புருஷனை எந்தப் பொம்பளையாவது இப்படித் திருட்டுத்தனமாக வேவு பார்ப்பாளா? உரித்த நாரைத் தட்டிலும் காயைக் குப்பையிலும் போட்டிருப்பதை அப்புறம்தான் கவனித்து, குனிந்து பொறுக்கினாள்.

அண்ணாந்தால் தெரிகிற அந்த ஃபால்ஸ் சீலிங் அவளுடையது. வீடு இரண்டு பேருக்கும் பொது, கடன் கட்டி முடித்தது அவர், வளர்த்து அனுப்பிய பெண் இரண்டு பேருக்கும் பொது, ஆனால் சீலிங் அவளுடையது மட்டும்தான். திருப்பூரில் தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பார்த்துவிட்டு வந்து, ஒற்றைக் காலில் நின்று போட்டுக்கொண்டாள். நடுவில் தாமரைப்பூ வளைவு, அதைச் சுற்றிலும் பலகையில் ஓட்டை போட்டு உள்ளே பதித்த குட்டிக் குட்டி ஹாலஜன் விளக்குகள், எல்லாவற்றிலும் தேன் நிறத்தில் ஒரு மஞ்சள் வெளிச்சம். "கூரைக்குக் கீழ இன்னொரு கூரை எதுக்கு அம்மிணி, எலி குடித்தனம் பண்றதுக்கா?" என்று அன்றைக்குச் சிரித்தவர் அதோடு விட்டாரா? வருகிற விருந்தாளிகளிடமெல்லாம், "வாங்க வாங்க, எங்க ஓட்டல் எப்படி இருக்குது?" என்பார். அவர்களும் சிரிப்பார்கள். கலாமணி காப்பியை ணங்கென்று வைப்பாள். ஆசைப்பட்டு ஒரு பொம்பளை தன் வாழ்நாளில் ஒன்றே ஒன்று கேட்டு வாங்கினால் அதை ஆயுசுக்கும் குத்திக்காட்ட வேண்டுமா என்ற பொருமல் அவளுக்குள் உலையில் போட்ட அரிசி மாதிரி கொதித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் போன ஆடி மாதம் அவர், "என்ன, வெளிச்சமே பத்த மாட்டீங்குது" என்று ஆரம்பித்தபோது அது அவள் காதில் பழைய கிண்டலாகவே விழுந்தது. "இக்கட்டால இருட்டா கெடக்குதே" என்று இடது பக்கம் கையைக் காட்டினார். "டிவிக்கு அக்கட்ட ஒண்ணுமே தெரிய மாட்டீங்குது." அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அலமாரி, அதன் மேல் பேரன் போட்டோ, போட்டோவுக்குப் பக்கத்தில் அவர் வாங்கின கம்பெனி ஷீல்டு, எல்லாம் தெரிந்தது. "நான் போட்டது எதுதானுங்க உங்களுக்குப் புடிச்சுது? சோறு போட்டா உப்பு இல்லீம்பீங்க, லைட்டு போட்டா வெளிச்சம் இல்லீம்பீங்க" என்று அவள் பிடித்துக்கொண்டாள். அவர் மறுபடி சொன்னார், அவள் மறுபடி பிடித்துக்கொண்டாள். ஆவணி போய், தீபாவளி போய், பொங்கல் கழிந்து ஒரு நாள் அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான். அவள் அன்றைக்குத் தங்கச்சிக்குப் போன் போட்டு, "உங்க மாமா வாய ஒரு வழியா அடைச்சுட்டேன் புள்ள" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது அவள் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. விழுங்கினாலும் போக மாட்டேன் என்கிறது, துப்பினாலும் வர மாட்டேன் என்கிறது.

மேலே ஸ்பிரிங் கிளிப்பு டப்பென்று விட்டுக்கொடுக்கும் சத்தம் கேட்டது. சிராஜுதீன் முதல் விளக்கை ஒயரோடு கீழே இழுத்தான். கூடவே சுண்ணாம்புப் பொடியும், காய்ந்த ஈசலும், எந்தக் காலத்துப் பல்லி முட்டையோட்டின் துண்டும் தரையில் பொலபொலவென்று உதிர்ந்தன. சூட்டில் கருகிப் பழகிய தூசியின் வாசம் கூடமெல்லாம் பரவியது. "அக்கா, இதைப் பாருங்க" என்று அவன் ஏணியிலிருந்தே குனிந்து நீட்டினான். "கண்ணாடி பூரா பூச்சி. ஒயர் பொரிஞ்சு போய்க் கெடக்குது. இதுல எப்படிக்கா வெளிச்சம் வரும்?" கலாமணி எழுந்தே போய்விட்டாள். அவன் கையிலிருந்து அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உண்மைதான், கண்ணாடி காப்பி டிக்காஷன் நிறத்தில் இருந்தது. அவளுக்குச் சாமி கண் திறந்துவிட்ட மாதிரி ஆனது. "ஏனுங்க, பாத்தீங்களா, நீங்க சொன்னது சரிதானுங்க! வெளிச்சம் எப்படி வரும், இந்தா இத்தனை அழுக்கு!" என்று கூவினாள். நாச்சிமுத்து சிரித்தார். "நான் சொன்னா எங்க கேட்ட." சொல்லட்டும், இன்னும் நாலு வார்த்தை கூடச் சொல்லட்டும். விளக்கைத் துடைக்காமல் விட்ட குற்றம், பிடிவாதம் பிடித்த குற்றம், வயசான மனுஷனை இருட்டில் உட்கார வைத்த குற்றம், எல்லாவற்றையும் அவள் இரண்டு கையாலும் வாங்கி மடியில் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தாள். இதெல்லாம் அழுது, திட்டு வாங்கி, ஒரு அதிரசம் சுட்டுப் போட்டால் தீர்ந்துவிடுகிற குற்றம். இந்தக் குற்றம் தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். இதைவிடப் பெரியது ஒன்று பின்னால் நின்று இதன் தோள் வழியே எட்டிப் பார்க்காமல் இருந்தால் போதும். கையிலிருந்த கண்ணாடியை முந்தானையால் ஒரு ஓரம் துடைத்துப் பார்த்தாள். அழுக்கு வந்தது. ஆனால் இந்த அழுக்குப் பிடித்த விளக்கு வலது பக்கத்தில் இருந்தது. அவர் இருட்டு என்று சொன்னது இந்தப் பக்கத்தை இல்லை.

அதை நினைக்காதே என்று தன்னை அதட்டிக்கொண்டு மறுபடி அவரைக்காய்க்கு வந்தாள். சிராஜுதீன் பழைய ஓட்டை பெரிதாக இருப்பதாகவும், புது எல்இடி சின்னதாக இருப்பதால் சுற்றிலும் ஒரு வளையம் வைத்து மூட வேண்டும் என்றும் சொன்னான். வை தம்பி என்றாள். வெள்ளைதானே, மஞ்சள் இல்லையே? வெள்ளைதான் என்றான். நல்லா பளிச்சென்று இருக்கட்டும். அவன் வரிசையாக ஒவ்வொன்றாகப் பிடுங்கி, உள்ளே இருந்த பழைய டிரான்ஸ்பார்மர் டப்பாக்களை எடுத்துக் கீழே அடுக்கி, புதியவற்றை அமுக்கிப் பொருத்திக்கொண்டே ஏணியோடு இடது பக்கத்துக்கு நகர்ந்து வந்தான். அங்கே நின்று தலையைச் சொறிந்தான். "அக்கா, சார் போன்ல இந்தப் பக்கம் கூட ஒண்ணு சேத்திப் போடச் சொன்னாருங்க. இங்க ஏற்கனவே ரெண்டு இருக்குதுங்களே, இன்னும் எதுக்குங்க?" கலாமணிக்குத் திக்கென்றது. இவர் எப்போது போன் செய்தார், தனக்குத் தெரியாமல்? நாச்சிமுத்து பேப்பரை ஒரு பக்கம் திருப்பினார். "இருந்தா இருக்கட்டும் தம்பி, கெடக்குது" என்றார். கெடக்குது. அந்தச் சொல்லோடு அவள் மனசு, எவ்வளவு இழுத்துப் பிடித்தும் நிற்காமல், பதினைந்து நாளைக்கு முந்தைய அந்தச் சாயங்காலத்துக்கே ஓடியது. மாடி வீட்டு லோகேஸ்வரி காய்கறி வண்டியில் தக்காளி பொறுக்கிக்கொண்டே தன் மாமியார் கதையைச் சொன்னாள். கண்ணில் பிரஷராம். வலியே இருக்காதாம். பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகுமாம். பாதி போன பிறகுதான் ஆளுக்கே தெரியுமாம். "சீக்கிரம் போனா இருக்கறதைக் காப்பாத்திக்கலாமுங்க, போனது மட்டும் திரும்பாதாம். டாக்டர் என்னையத்தான் வெச்சுத் திட்டுனாரு, வீட்டுல இருக்கறவங்க என்னத்தப் பாத்துட்டு இருந்தீங்கன்னு." கலாமணி தக்காளி வாங்கினாளா இல்லையா என்பதே ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து காப்பி போட்டாள். டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவள், வழக்கம்போல் நேரே போய் நீட்டாமல், என்ன பிசாசு பிடித்ததோ, அவர் நாற்காலிக்கு இடது பக்கம் போய், கையெட்டும் தூரத்தில் சத்தம் காட்டாமல் நின்றாள்.

நின்றாள். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்புவார், இதோ இப்போது திரும்புவார், திரும்பி "என்ன அம்மிணி செலையாட்டம் நிக்கற" என்று கேட்பார், தான் சிரித்துச் சமாளித்துவிடலாம் என்று நின்றாள். கொலுசு இல்லாத காலை அசைக்காமல் நின்றாள். டம்ளர் விரலைச் சுட்டது, அப்புறம் சுடுவதை நிறுத்தியது, காப்பி மேல் ஆடை கட்டிச் சுருங்கியது. அவர் திரும்பவில்லை. முகத்தில் ஒரு சலனம் இல்லை. பம்ப்செட் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்த மனுஷன், வார்ப்பில் முடியளவு விரிசல் இருந்தாலும் தூக்கிப் போடுகிற கண் அவருக்கு, ஷீல்டு அதற்காகத்தான் கொடுத்தார்கள், அந்தக் கண்ணுக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்கிற பெண்டாட்டி தெரியவில்லை. கலாமணி மெதுவாகப் பின்னால் சுற்றி வலது பக்கம் வந்து டம்ளரை நீட்டினாள். "வந்துட்டியா, இப்பத்தான் நெனச்சேன்" என்று சிரித்த முகமாக வாங்கி, ஆறிப்போன அந்தக் காப்பியை ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார். அப்புறம் அவள் அடுக்களைக்குப் போய்ப் போனை எடுத்தாள். கண் ஆஸ்பத்திரிக்கா போட்டாள்? இல்லை. சிராஜுதீனுக்குப் போட்டாள். "தம்பி, கூடத்து லைட்டெல்லாம் மாத்தோணும், எல்இடி போட்டுரலாம்" என்றாள். குரல் பிசகவில்லை, அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அவனுக்கு வேறு சைட்டில் வேலை, இன்றைக்குத்தான் வந்தான். அத்தனை நாளும் அவள் காத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, என்று லோகேஸ்வரியின் குரல் சொல்லச் சொல்லக் காத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் முதலில் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை நாளாம்மா இப்படி? அதற்கு அவள் என்ன பதில் சொல்வாள்? போன ஆடியிலிருந்து இவர் சொல்லிக்கொண்டிருந்தார், டாக்டர், நான்தான் என் சீலிங்கைக் குறை சொல்கிறார் என்று சண்டைக்கு நின்றேன், கடைசியில் வாயை அடைத்துவிட்டேன் என்று சொல்வாளா? இவருடைய அப்பா கடைசிக் காலத்தில் சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் நடந்தார். வயசாகிவிட்டது என்றார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் கலாமணியே அவர் கையைப் பிடித்துப் பந்திக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். அப்போதாவது, அது என்ன என்று யாராவது கேட்டார்களா? அவள் கேட்டாளா? கேட்காதது அப்போதிருந்தே அவளுக்குப் பழக்கம் போலிருக்கிறது.

"அக்கா, மெயினைப் போடறேன், பாத்துக்கங்க." கலாமணி தட்டைக் கீழே வைத்தாள். வைத்த கை அப்படியே மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. லைட்டாகவே இருக்கட்டும், மாரியாத்தா, லைட்டாகவே இருக்கட்டும். ஃப்ரிஜ் உலுக்கியது, ஃபேன் அசைந்தது. சிராஜுதீன் சுவிட்சைத் தட்டினான். கூடம் பளிச்சென்று வெள்ளையாக, மூலை முடுக்கெல்லாம் சுத்தமாகத் திறந்துகொண்டது. இத்தனை வருஷம் அந்தத் தேன் நிற வெளிச்சம் மூடி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. சோபா உறையின் சாயம், கதவோரத்து எண்ணெய்ப் பிசுக்கு, தாமரைப்பூவின் இதழில் ஓடிய கீறல். "ஆத்தாடி" என்றாள் அவளையறியாமல். அவள் பார்த்தது வீட்டை இல்லை, அவரைத்தான். அவர் முகம் மேலே தூக்கியிருந்தது, சிரித்துக்கொண்டிருந்தது. "அருமையா இருக்குது அம்மிணி" என்றார். "இப்பத்தான் வீடு வீடாட்டம் இருக்குது. அல்லாமே நல்லாத் தெரியுது. பழைய லைட்டும் ஒண்ணும் மோசமில்ல, நான்தான் வெறுமனே உன்னைய வஞ்சுட்டு இருந்தேன்." கலாமணிக்கு அந்த ஒரு நிமிஷம் உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஓடிப்போய் ஏதாவது இனிப்பு கிளற வேண்டும் என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் அவர் இடது கன்னம் கண்ணில் பட்டது. காதோரம் ஒரு பட்டையாக நரைமுடி சவரம் படாமல் நின்றது. ஒரு நாளைய முடி இல்லை அது. பேப்பரைப் பிடித்திருந்த இடது கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, இடித்த காயங்கள். நீலமாக ஒன்று, ஆறிப் பழுத்து மஞ்சளாக ஒன்று, பொருக்குத் தட்டி ஒன்று, அதற்குக் கீழே பழசாகிக் கறுத்துப்போன தழும்புகள். கதவு நிலையிலும், அலமாரி முனையிலும், நடையின் திருப்பத்திலும் மாதக்கணக்காக இடித்த கை. இந்தக் கைக்கு முன்னால் நின்றுதான் அவள் தினமும் டம்ளரைக் கொடுத்தாள், மாத்திரையைக் கொடுத்தாள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அது தெரியவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள், அவளே நம்ப மாட்டாள்.

"எங்கீங்க இடிச்சீங்க?" என்றாள் கலாமணி. அவர் கையைச் சட்டென்று பேப்பருக்கு அடியில் இழுத்துக்கொண்டார். சின்னப் பையன் அழுக்குக் கையை மறைக்கிற மாதிரி இருந்தது. "எங்கியோ. வயசாச்சில்ல." சிராஜுதீன் பழைய விளக்குகளை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டே அவர்கள் பக்கம் பார்க்காமல் வாசலுக்குப் போனான். கலாமணி அவர் நாற்காலி ஓரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "லைட்டு இல்லீங்க" என்றாள். "லைட்டுல ஒண்ணுமே இல்லீங்க. எனக்குத் தெரியும். அன்னைக்குச் சாயங்காலம் நான் காப்பியக் கையில வெச்சுட்டு உங்க பக்கத்துல..." அதற்கு மேல் சொல்லாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நாச்சிமுத்து பேப்பரை மடித்தார். பிறகு, "தெரியும்" என்றார். அவள் நிமிர்ந்தாள். "காப்பி வாசம் வந்துதே அம்மிணி. நிக்கறீன்னு தெரியும். எக்கட்ட நிக்கறீன்னுதான் தெரியல. தேடுனா நீ பயந்துக்குவ. அதுதான் டிவியவே பாத்துட்டு இருந்தேன்." அவர் ஏதோ சாதாரண விஷயம் மாதிரிதான் சொன்னார். "முன்னாலயே சொல்லியிருப்பேன். மறுக்காவும் உன்ற சீலிங்கக் கொற சொல்றேன்னு மொகம் வாடிப் போயிருவியே."

அவளுக்குத் தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. ஆனால் அழுது தீர்த்துக்கொள்ளவும் இப்போது உரிமை இல்லை என்று தோன்றியது. எழுந்து முகத்தைக் கழுவினாள். அவருக்குச் சட்டை எடுத்து வந்து, முதலில் இடது கையை மெதுவாக நுழைத்து மாட்டிவிட்டாள். சிராஜுதீன் தயங்கித் தயங்கி உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா, இந்தப் பக்கம் கூட ஒண்ணு போடறதுங்களா?" என்று கேட்டான். "வேண்டாந் தம்பி. ஒரு ஆட்டோ மட்டும் கூப்புட்டு விடு, கண் ஆஸ்பத்திரிக்கு" என்றாள். நாச்சிமுத்து செருப்பைக் காலால் துழாவிப் போட்டுக்கொண்டார். "டாக்டர்கிட்டப் போய் இந்த லைட்டுக் கதையெல்லாம் சொல்லீராத, சிரிப்பாரு. போன வாரந்தான் ஆரம்பிச்சுதுன்னு சொல்லிக்கலாம்." "இல்லீங்க" என்றாள் கலாமணி. "போன ஆடியில இருந்துன்னு சொல்லத்தான் போறேன். சண்டை போட்டதையும் சேத்தித்தான் சொல்லப் போறேன்." வாசல்படி இறங்கும்போது அவள் அவருக்கு இடது பக்கமாக வந்து நின்றுகொண்டாள். "அக்கட்ட நின்னா நீ இருக்கறதே எனக்குத் தெரியாதே" என்று அவர் சிரித்தார். அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடம் அடிபட்ட இடம் போலிருக்கிறது, அவர் முகம் ஒரு கணம் சுளித்து நேராயிற்று. அவள் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, கையை எடுக்காமல், கூடவே இறங்கினாள்.